ஸ்க்ரமின் மறுபக்கம்

நேற்று மாத்தளை மைதானத்தில் பையன்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. நீங்கள் போய் இத்தனை காலமான பிறகும்.

எண்பதுகளின் பிற்பகுதி. உங்களுக்கு விவசாயத் திணைக்களத்தில் வேலை. வார இறுதியில் றக்பி மத்தியஸ்தம். அந்த அரையிறுதியில், இரு முன்வரிசைகளும் தோள் கொடுத்துத் தள்ளும் ஸ்க்ரம் திரும்பத் திரும்பச் சரிந்தது. ஒவ்வொரு முறையும் நகர அணிக்கு எதிராகவே விசில் ஊதினீர்கள். அவர்கள் தட்டுத்தடுமாறித்தான் வென்றார்கள். அவர்களுடைய பயிற்றுவிப்பாளரான மாஸ்டர், பத்திரிகைக்கு ஆட்டச் செய்தி எழுதிக்கொண்டிருந்த என்னிடம் நேரே வந்தார்.

“எழுதுங்க தம்பி. இந்த மனிசனுக்குச் சட்டமே தெரியாதுண்டு எழுதுங்க.”

எழுதினேன். உங்கள் பதிலையும் கேட்டுச் சேர்த்தேன்: “ஊதினது சரி.” அவ்வளவுதான் சொன்னீர்கள்.

போட்டிக் குழு உங்களை இறுதியாட்டத்திலிருந்து நீக்க யோசித்தது. உங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக்காரர் மேல் சந்தேகம் எளிதில் ஒட்டிக்கொண்ட காலம். இம்முறை நீக்கினால் இனி விசிலைத் தொடவே முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் குழுவிடம் போகவில்லை. மாஸ்டரின் பயிற்சிக்குப் போனீர்கள்.

“அண்டைக்கு நான் நிண்ட பக்கத்தில ஒருக்கா நில்லுங்கோ, மாஸ்டர்.”

“நான் எத்தன வருஷமா ஸ்க்ரம் பாக்குறேன், சேர்.”

“ஒரே பக்கத்தில நிண்டுதானே?”

பையன்கள் சிரித்தார்கள். மாஸ்டர் முறைத்தபடியே சுற்றி வந்து குனிந்தார். தன் முன்வரிசைப் பையனின் கை எதிராளியின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுப்பதை அப்போதுதான் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“டேய், இந்தக் கையாலயா என் மானத்த வாங்குன?”

இறுதியாட்டத்துக்கு நீங்களே வேண்டும் என்று மறுநாள் குழுவிடம் கேட்டவரும் அவர்தான்.

அந்த ஆட்டத்தில் நகர அணியின் ஸ்க்ரம் ஒருமுறைகூடச் சரியவில்லை. கடைசியில் எதிரணியைக் கோல் கோட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டே போய்ப் பந்தைத் தரையில் வைத்து வென்றார்கள். நீங்கள் கையை உயர்த்தி விசில் ஊதியபோது மைதானமே எழுந்து நின்றது. தோற்ற பயிற்றுவிப்பாளர் மட்டும் வேகமாக வந்தார்.

“பழக்கிக் குடுத்தவரே விசிலும் ஊதினா எப்படி, சேர்?”

“நாளைக்கு உங்கட கிரவுண்டுக்கும் வாறன். தேத்தண்ணி மட்டும் தாங்கோ.”

போனீர்கள். அடுத்த பருவத்தில், முதலில் யார் மைதானத்துக்கு நீங்கள் வருவது என்று பயிற்றுவிப்பாளர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். நீக்க யோசித்த குழு, நீங்களாக ஓயும்வரை இறுதியாட்டங்களை உங்கள் கையிலேயே கொடுத்தது.

இன்றும் மத்தியஸ்தரைத் திட்டிக்கொண்டு யாராவது என்னிடம் வந்தால், எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். நேற்றும் ஓர் இளம் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்தார்; பிறகு மத்தியஸ்தரைத் தேடி மைதானத்தைக் குறுக்கே கடந்து போனார்.