தாம்பாளத்தில் வைத்த விமானம்

கோவில்பத்து, காரைக்கால்
11-3-1979, ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி சம்பந்தத்துக்கு அம்மா பெரியநாயகி ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நீலாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த மாதம் அடங்கித்தான் இருக்கிறது. அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு வரியாவது எழுது, சௌக்கியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அறுவடை முடிந்து வயலில் உளுந்து காய் பிடித்து நிற்கிறது, பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. இதையெல்லாம் முதலில் எழுதுவது எதற்கென்றால் பெரிய சேதியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான். வெள்ளிக்கிழமை நம் நீலாவுக்கு நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்தது. நெடுங்காட்டு வரன்தான், மின்சார இலாகாவில் வேலை பார்க்கிற பூமிநாதன். கல்யாணம் வைகாசி இருபத்து நாலு, இங்கிலீஷ் தேதிக்கு ஜூன் ஏழு, வியாழக்கிழமை. சந்தோஷப்பட்டுக்கொண்டாயா, இனி நீ கோபித்துக்கொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லவே கூடாது என்று நீ எழுதியிருந்ததை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டோம். சொன்னது மட்டுமில்லை, தாம்பாளத்தில் வைத்துக் காட்டியும் விட்டோம்.

இதில் முதல் குற்றவாளி உன் அப்பா. பாரிஸில் விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று நீ அப்போது எழுதினாயே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் செய்த அமர்க்களம் உனக்குத் தெரியாது. பீர் மைதீன் பாய் கடைக்கு வெற்றிலை வாங்கப் போனால் உன் புராணம் பாடாமல் திரும்ப மாட்டார். நீ ஏணி வைத்து ஏறி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வால் உச்சியில் நின்று பூசுவதாக மனசுக்குள் ஒரு படம் போட்டு வைத்திருந்தார், அதையே ஊருக்கும் காட்டினார். தலைக்கு மேலே ஒன்று பறந்தால் போதும், நம்ம பையன் கை பட்டதாக இருக்கும் என்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா தியாகராசன், தன் மூத்த மகள் மலேசியாவிலிருந்து வருகிற விமானமும் உங்கள் பிள்ளை பூசினதாக இருக்குமோ என்று கேட்க, இவர் கொஞ்சமும் கூசாமல் இருக்கலாம் என்று சொல்லிவைத்தார்.

அதற்கப்புறம்தான் உன் கடிதமும் பொட்டலமும் வந்தன. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் ஓர் அடைத்த அறைக்குள் உட்கார்ந்து ஓட்டுவார்கள், பக்கத்துக் கூடத்தில் சுவர் அளவு பலகையில் ஊரும் வயலும் விமான நிலையமும் பொம்மையாகச் செய்து வைத்திருக்கும், அதன்மேல் ஒரு கேமரா ஊர்ந்து போகும், அது பார்ப்பதுதான் ஓட்டுகிறவர் முன்னால் கண்ணாடியில் தெரியும், அந்தப் பொம்மை நிலையத்தில் நிற்கிற விமானங்களுக்கு அந்தந்தக் கம்பெனியின் நிறத்தையும் கோட்டையும் பூசுவதுதான் உன் வேலை என்று நீ எழுதியிருந்ததை நீலா திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளையை வெள்ளையாகவே பூசினால் கேமராவில் பளீரென்று அடித்துப் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடுமாம், அதனால் துளி சாம்பல் நிறம் கலப்பாயாம், எஞ்சினுக்குப் பின்னால் புகைக்கறை வைப்பாயாம், சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் கசிந்த மாதிரி செய்வாயாம். இங்கே இருந்தவரை சட்டைக் காலரில் அழுக்கு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காத பிள்ளை, அங்கே போய் அழுக்கை அளந்து பூசிக்கொண்டிருக்கிறாய் என்று சிரித்தேன். பொட்டலத்தில் இருந்த விமானம் என் நடுவிரல் நீளம்கூட இல்லை. நீல வாலும், ஜன்னல் வரிசைக்குக் கீழே ஒரு தங்கக் கோடும். கதவுக்கிட்டே கோடு இம்மி இறங்கிவிட்டது, கேமரா பக்கத்தில் போனால் தெரிந்துவிடும் என்று கழித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எத்தனை உற்றுப் பார்த்தும் எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது அகப்படவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாயே, இது பொம்மைக்குச் சாயம் பூசுகிற வேலை, ஆபீசில் இருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள், நான் கல்யாணத்துக்கு வந்தால் எல்லோரும் துருவித் துருவிக் கேட்பார்கள், நீலா தலைகுனிய வேண்டாம், நான் வராமல் இருப்பதே நல்லது என்று, அதை நீலா வாசித்ததும் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டேன். அப்படி என்ன களவு செய்துவிட்டாய் என்று வாய்விட்டு அழுதேன்.

அப்பா அதோடு பாய் கடைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். பிறகு பார்த்தால் அந்த விமானத்தைத் தன் தலைமாட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் பார்க்கிறார். நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும், பெண் கல்யாணம், வாயை மூடிக்கொண்டு காரியத்தை முடிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீலாதான் விடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணன் வேலையை மறைச்சுத்தான் எனக்குக் கல்யாணம்னா எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம்மா. அதையும் தட்டுல வைங்க. பாத்துட்டு வேணாம்னு போறவங்க இப்பவே போகட்டும்” என்றாள். அவள் பிடிவாதம் உன் அப்பா வழியில் வந்தது, என் வழியில் இல்லை. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அவளுக்கும் பிடித்திருந்தது, அதை வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னாள் என்பதை நீ மறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் தாம்பாளங்களை வரிசையாக வைத்தேன், வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், பூ, மாப்பிள்ளைக்கு வேஷ்டி. பழத் தட்டில் கதலிச் சீப்புக்குப் பக்கத்தில் உன் விமானம். சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள் கை வேகத்தில் விமானத்தின் மூக்கிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன், ஈரச் சந்தனம் முன்கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது. நீலா தலையில் கை வைத்துக்கொண்டாள், அதற்குள் வாசலில் நெடுங்காட்டுக்காரர்களின் வண்டி வந்து நின்றுவிட்டது. லக்னப் பத்திரிகை வாசித்து முடித்துத் தட்டு மாற்றப் போகிற நேரம், தியாகராசன் பார்த்துவிட்டு, தன் பேரக்குழந்தைக்கு வாங்கியதா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “இதுதாங்க என் பையன் பூசுறது. பெரிசு இல்லீங்க. நான்தான் தெரியாம பெரிசுன்னு சொல்லிட்டேன்” என்றார். சம்பந்தம், எனக்கு அந்த மனுஷர் மேல் இத்தனை வருஷத்தில் அன்றைக்கு வந்த மரியாதை என்றைக்கும் வந்ததில்லை.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தியாகராசன் முகம் சுருங்கிவிட்டது, அப்போ விமானம் இல்லையா, பொம்மையா என்றார். அப்பா கேமரா என்றும் பலகை என்றும் தட்டுத்தடுமாறி விளக்கினார், அவர் விளக்க விளக்க எனக்கே குழம்பியது. மாப்பிள்ளையின் அம்மா லோகாம்பாள்தான் கைநீட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு, ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன்னால் இதைப் பார்த்துத்தான் இறக்கப் பழகுகிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அப்பா. அந்த அம்மாள் விமானத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், மகள் வைகாசியில் கைக்குழந்தையோடு வருகிறாளாம், அவள் ஏறினது முதல் வந்து சேர்ந்த தந்தி கிடைக்கிறவரை இவள் சோறு தொடமாட்டாளாம், சாமி விளக்கையும் அணையவிடமாட்டாளாம், ஓட்டுகிறவன் நன்றாகப் பழகினவனோ என்னவோ என்பதுதான் அவள் பயமெல்லாம். சொல்லிக்கொண்டே முந்தானையால் விமானத்தின் மூக்கைத் துடைத்தாள். “ஓட்டுறவருக்கு வழி தெரிய வேணாமாம்மா, கண்ணாடியிலயே அப்பிட்டீங்களே” என்றாள் என்னைப் பார்த்து. துடைத்த கை நிற்காமல் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கரியையும் துடைத்தது, எச்சில் தொட்டுத் துடைத்தாள், போகவில்லை, அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. அப்பா பதறிப்போய், “அது அழுக்கு இல்லீங்க, அவன் பூசினது” என்று கத்தினார். தியாகராசன்தான் முதலில் சிரித்தார். வாங்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கரியைக்கூடவா பூசுவான் என்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அந்தச் சிரிப்போடு தட்டு மாற்றினோம்.

தட்டு மாற்றிவிட்டால் தட்டில் இருப்பதெல்லாம் அவர்களுடையதாயிற்றே, அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. பழத்தோடும் பூவோடும் உன் விமானமும் நெடுங்காட்டுக்குப் போய்விட்டது. வண்டி தெருமுனை திரும்புகிறவரை அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பெண்ணை அனுப்பும்போதுகூட இப்படி நிற்பாரா தெரியவில்லை. நேற்று மாப்பிள்ளை சைக்கிளில் வந்து தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார், விமானம் அவர்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறதாம், நீ வந்ததும் அந்தக் கேமரா எப்படி ஊர்கிறது என்று உன்னிடம் கேட்க நிறைய வைத்திருக்கிறாராம். அப்பாவும் மறுபடி பாய் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஏணி வைத்துப் பூச யாரால்தான் முடியாது, விரலளவில் பூசி விமானியையே நம்பவைக்க வேண்டும், அதுதான் வேலை என்று இப்போது பேச்சு.

இனி நீ வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அக்னிக்கு முன்னால் நீலா கையில் பொரி அள்ளிப் போடுவது கூடப்பிறந்தவன் கை, உனக்குப் பதில் பெரியப்பா பிள்ளையைப் போடச் சொல்லலாமா என்று புரோகிதர் கேட்டதற்கு அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போதே லீவு சொல்லிவை. துரைமாருக்கு முன்னால் தயங்காமல் தங்கை கல்யாணம் என்று சொல். வேளைக்குச் சாப்பிடு, பெயிண்ட் கையோடு சாப்பிடாதே, கண்ணுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொள், அத்தனை பொடியாகப் பூசுகிற கண் கெட்டுப்போகக் கூடாது. நீ தீர்க்காயுசாக, தலைநிமிர்ந்து நடந்து, நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று அம்மையாரையும் சனீஸ்வர பகவானையும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. புறப்படும்போது லோகாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை எந்தத் தேதி ஏறுதுன்னு எழுதச் சொல்லுங்கம்மா, எம் பொண்ணுக்குப் போடுற விளக்கோட அதுக்கும் ஒண்ணு போட்டுடுறேன்” என்றாள். நீ வருகிறாய் என்று நான் சொல்லிவிட்டேன். தேதியை எழுது, அந்த அம்மாள் எண்ணெய் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
சி. பெரியநாயகி