சாரலில் விரித்த குடை

உன் தம்பி நேற்றுக் கடைக்கு வந்து உன் குடையைக் கொடுத்துவிட்டுப் போனான். "அண்ணன் சாமான்ல இதை யாரு வச்சுக்கிடுததுன்னு வீட்ல பேசினோம். உங்களுக்குத்தான் சேரும் அண்ணாச்சி" என்றான். கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி. முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனைக்குக் கீழே பழைய ஈரத்தின் வாசனையும் இருந்தது. அது எந்த ஊர் மழையின் ஈரம் என்று யோசித்தேன். வெளியே ஆனிச் சாரல் அப்போதுதான் இறங்கியிருந்தது.

இந்தக் குடையின் மீது எனக்கு எத்தனையோ வருஷத்துக் கோபம். நீ செத்துப்போனதால் அது தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. வெள்ளைக்காரனே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் ஊர்க் குடை மட்டும் இங்கே இருக்கிறது.

மெட்ராஸில் எம்.ஏ. முடித்து, செடிகொடி ஆராய்ச்சிக்கு நீ எடின்பரோ புறப்பட்ட காலத்தில், படிப்புக்காகக் கடல் தாண்டிய வேறொரு தென்காசிக்காரனை நான் கண்டதில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எள்ளும் புண்ணாக்கும் மடித்துக் கொடுக்கக் கடைக்கு வந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்து அந்தப் பாஷையைப் பிடித்தவன். பாதிச் செய்தி கையில் இருக்கும், மீதி யார் வீட்டுக்கோ பொட்டலமாகப் போயிருக்கும். அந்த மீதியெல்லாம் என்ன ஆயிற்று என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அதனால்தான் நீ போவதற்கு முன் உன்னை அப்படிக் குடைந்தேன். அந்த ஊரில் பல்லை எதைக் கொண்டு விளக்குகிறார்கள்? குளித்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பனிக்காலத்தில் காக்கை எங்கே போய் உட்காரும்?

"போய்ப் பார்த்துட்டுச் சொல்லுதேம்லே, இப்ப ஆளை விடு" என்றாய்.

தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற நீ ரயிலில் உட்கார்ந்தபோது, நம் கடை நல்லெண்ணெய் ஒரு பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வருஷத்தின் முதல் சாரலில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டால் அந்த வருஷம் முழுக்கச் சளி, தடுமன் அண்டாது என்பது நம் பக்கத்து வழக்கம். உனக்கும் எனக்கும் தவறியதே இல்லை. "அங்கன முத சாரல் விழுந்ததும் இதைத் தேய்ச்சுட்டு வெளிய நில்லு. அந்த ஊரு உன்னை ஏத்துக்கிடும்" என்றேன். உன் அப்பா பக்கத்தில் நின்றார். "அது சீமைடே, குத்தாலம் இல்ல" என்றார். மழை எல்லா ஊரிலும் மேலேயிருந்துதானே விழுகிறது என்று நான் திருப்பிக் கேட்டதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நீ படிப்பை முடித்துத் திரும்பிய வருஷம், சாரல் விழுந்த மறுநாள் நாம் குற்றாலத்துக்கு நடந்தோம். இலஞ்சி வயல்கள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தூறல் போட்டது. நான் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். நீ குடையை விரித்தாய்.

குற்றாலச் சாரலில் குடை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏட்டி, சாரலுக்குக் குடை பிடிக்காரு பாரு. சீனியில செஞ்ச உடம்பு போல" என்று ஒருத்தி சொன்னாள். அந்த வயல் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். குடையை மட்டும் மடக்கவில்லை.

"என்னலே இது?" என்றேன்.

"நீ கொடுத்த எண்ணெயால வந்த வினை. கேட்டுக்கோ" என்று அந்தக் குடைக்கு அடியில் நடந்தபடியே சொன்னாய்.

எடின்பரோவில் இறங்கிய நாளிலிருந்து அறை தேடி அலைந்தாய். ஜன்னலில் 'அறை காலி' என்று அட்டை தொங்கும். கதவைத் திறந்து உன் முகத்தைப் பார்த்ததும், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பார்கள். கடைசியில் ஒரு விதவை, சனிக்கிழமை வரை இருந்து பார், ஒத்துவந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று மாடி அறையைக் கொடுத்தாள். அதுவும் போனால் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று நீ முடிவு கட்டியிருந்தாய். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு குளியல்தான். தினம் அருவியில் நின்ற உடம்பு அரித்தது. வெள்ளிக்கிழமை காலை ஜன்னலுக்கு வெளியே மெல்லிய தூறல். பார்த்தால் நம் சாரல் மாதிரியே இருந்ததாம்.

எண்ணெயைத் தேய்த்தாய். இடுப்பில் துண்டோடு அவள் வீட்டுக் கொல்லையில் போய் நின்றாய்.

"ஏலே, அது சாரல் இல்லலே. ஊசி. ஒவ்வொரு சொட்டும் எலும்பைத் தேடிப் போகுது. ஆனா சொன்னதைச் செஞ்சு முடிக்கணும்லா, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கேன். அடுத்த வீட்டு ஜன்னல்ல மூணு தலை. அந்தம்மா சாம்பல் கொட்ட வந்தவ, வாளியை அப்படியே போட்டுட்டா."

உள்ளே இழுத்துப்போய்க் கம்பளியைப் போர்த்தி அடுப்படியில் உட்காரவைத்தாள். உடம்பு சூடேறியதும், உடுத்திக்கொண்டு பெட்டியைக் கட்டு, புத்தி சரியில்லாதவரை வைத்துக்கொள்ள என்னால் முடியாது என்றாள். நீ பெட்டியைக் கட்டி வாசல்வரை கொண்டுவந்துவிட்டாய். போகிறபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாய். உங்கள் ஊரில் இவ்வளவு மழை பெய்கிறதே, ஒருவர்கூட ஏன் அதில் நிற்பதில்லை?

"எதற்காக நிற்க வேண்டும்?" என்றாளாம்.

நீ சொல்ல ஆரம்பித்தாய். மலை, அருவி, அதன் அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம், நனைவதற்கென்றே வண்டி கட்டி வருகிற குடும்பங்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெண்களும் நிற்பார்களா? போலீஸ் ஒன்றும் சொல்லாதா? ராத்திரியில் அருவியை அடைத்துவிடுவீர்களா? அந்தக் கடைசிக் கேள்வியை நீ சொன்னபோது எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கேட்டுக்கேட்டு அவள் தேநீர் ஆறிப்போனது. சாயங்காலம் மிச்சத்தைச் சொல் என்று எழுந்துபோனாள். பெட்டி மறுபடி மாடிக்குப் போயிற்று.

ஒரே ஒரு நிபந்தனை. செத்துப்போன புருஷனின் குடையைக் கொண்டுவந்து உன் கையில் வைத்து, இனி மழையென்றால் இது இல்லாமல் நிற்க மாட்டேன் என்று வாக்கு வாங்கினாள். அந்த வாக்குக்குத்தான் உனக்கு அறை கிடைத்தது, படிப்பும் கிடைத்தது.

"சரி, அது அந்த ஊர் மழைக்குக் கொடுத்த வாக்கு. நம்ம சாரலுக்கு எப்படிலே ஒட்டும்?" என்றேன்.

"மழைன்னா மழைதாம்லே. அந்தம்மா ஊரு பேரைச் சொல்லி வாங்கல."

"அப்ப அருவி?"

"அருவியைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல."

அன்று தொடங்கியது. அருவிக் கரைவரை குடை பிடித்து வருவாய். மடக்கி என் கையில் கொடுப்பாய். உள்ளே போய் ஆசை தீர நிற்பாய். வெளியே வந்து தலை துவட்டுவதற்கு முன் குடையை வாங்கி விரிப்பாய். நான் மடக்கிய குடையோடு சாரலில் நனைந்துகொண்டு காத்திருப்பேன். ஒவ்வொரு வருஷமும் இதே கதை. ஒவ்வொரு வருஷமும் இதே சண்டை. நீ விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. நான் கொடுத்த யோசனை சரிதான் என்று இப்போதும் சொல்வேன். அன்று நீ கொல்லையில் நின்றிராவிட்டால் அவள் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா?

எனக்குத் தெரியவேண்டியது வேறு ஒன்று. இத்தனை கேட்ட அந்த அம்மாள், நீ வீட்டில் இல்லாத ஒரு நாளாவது கொல்லைக் கதவைத் திறந்து தூறலில் கையை நீட்டிப் பார்த்திருப்பாளா? நான் கேட்டபோதெல்லாம் நீ சிரித்தாய். உனக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தமா? மீதித் தாளை நீயும் கொண்டுபோய்விட்டாய்.

இன்று காலை குடையின் கம்பிகளைத் துடைத்து நல்லெண்ணெய் தடவினேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் சாரல். நான் விரிக்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் நீ, நான் இல்லை.

பேரருவி நிறைந்து கொட்டியது. குளிக்கத்தான் போனேன். சட்டையைக் கழற்றிய பிறகுதான் குடையை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தேன். சுற்றிலும் எத்தனையோ பேர். யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. வழக்கமாக நிற்கிற இடத்திலேயே அதை மடக்கிப் பிடித்தபடி, நீ குளித்து முடிக்கிற நேரம்வரை நின்றுவிட்டு வந்தேன்.