பேட்டரியில் ஓடும் ஆபீஸ்

என் செல்ல மகளுக்கு,

நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, வழக்கம்போல ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறை சொல்வது உட்பட அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்துவிட்டு, இப்பதான் அப்படியே என் சாடை என்றார் உன் அப்பா. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே நீ வண்டியை வித்தாச்சா இல்லையா என்று பாய்கிறாய், பக்கத்தில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் என்னத்தைச் சொல்வது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், கோபப்படுவதாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, இனி வண்டியே தொடக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னதிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், ஷேவ் செய்யாமல் நாலு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீ வேண்டுமா என்றால் ம், வேண்டாமா என்றாலும் ம். நீ பயந்து முற்றத்தில் நிற்கிற காரை வித்துடுங்க என்று சொன்னதில் தப்பே இல்லை, நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அதற்குள் கரண்ட் போக ஆரம்பித்தது. தெருவில் புதுக் கம்பி மாற்றுகிறார்களாம், காலை பத்திலிருந்து மூன்று வரைக்கும் தினமும் கரண்ட் கிடையாது, இன்னும் ஆறு மாதத்துக்கு இதே கதைதானாம். என் பிழைப்போ அந்த நேரத்தில்தான். எதிரே பதிவு ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு நம் முன்னறையில் உட்கார்ந்து மனுவும் வாடகை ஒப்பந்தமும் டைப் அடித்துக் கொடுத்தால்தானே உண்டு. இரண்டு நாள் வந்தவர்களை எல்லாம் கையை விரித்து அனுப்பினேன், மூன்றாம் நாள் ஒரு அம்மா அன்றைக்கே கொடுக்க வேண்டிய மனு என்று கண் கலங்கி நின்றாள். அப்போதுதான் உள்ளேயிருந்து அப்பா எழுந்து வந்தார், கையில் நீ போன வருஷம் பார்சலில் அனுப்பினாயே, வண்டி பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற சின்ன இன்வெர்ட்டர் பெட்டி, அது. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வண்டியில வந்து உக்காரு என்றார். நாலு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஒயரை வீட்டுக்குள் இழுக்கலாமே என்றேன், மெல்லிசு ஒயரை அவ்வளவு தூரம் இழுத்தா சூடாகும், வர்ற கரண்டும் பாதி வழியிலயே செத்துடும், ஆபீஸ்தான் பேட்டரிகிட்ட வரணும் என்று சொல்லிவிட்டார். நான் லேசில் விடுவேனா, லேப்டாப் மட்டும் போதாது என்று பெரிய லேசர் பிரிண்டரையும் தூக்கி வந்து முன்சீட்டில் வைத்துச் செருகினேன். அது சூடாவதற்கு இழுத்த இழுப்பில் பெட்டி காதைப் பிளக்கிற மாதிரி ஒரு கத்து கத்தி, டேஷ்போர்டில் சிகரெட் பற்றவைக்கிற குழியின் ஃபியூஸும் போய், மனு கேட்ட அம்மா கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். அப்பா சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. பிறகு பானெட்டைத் திறந்து தடித்த ஒயரை நடுவில் ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரியில் மாட்டி, நீ படிக்கும்போது வாங்கிய சின்ன இங்க் பிரிண்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தார், ஓடிய அம்மாவையும் கூப்பிட்டு வந்து மனுவைக் கையில் கொடுத்தோம்.

அன்றையிலிருந்து அதுதான் ஆபீஸ். வண்டி முற்றத்தில் மூக்கைச் சுவரைப் பார்த்து, வாலைத் தெருப்பக்கம் வைத்து நிற்கிறது, கண்ணாடி நாலும் இறங்கியே இருக்கும், புகை தெருவோடு போய்விடுகிறது. நானும் வருகிறவரும் பின்சீட்டில், பிரிண்டர் முன்சீட்டில், அப்பா ஸ்டியரிங் முன்னால் மொழுமொழுவென்று ஷேவ் செய்துகொண்டு இஸ்திரி போட்ட சட்டையில். அரை மணிக்கு ஒரு தரம் எஞ்சினைப் போட்டு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும், மறந்தால் பெட்டி கீ கீ என்று கத்தும், அதற்கும் மசியாமல் இருந்தால் அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஆனால் அது வாயைத் திறப்பதற்குள் அவர் கை சாவியில் இருக்கும். ஏறுகிறவர்களை உள்ள தள்ளி உக்காருங்க, கதவை நல்லா சாத்துங்க என்று அதட்டுகிறார். ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் இறங்கும்போது அப்பாவிடம் டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டினார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் நீ அனுப்பிய ஆள் சனிக்கிழமை வந்து நின்றார், பச்சைச் சட்டைக்காரர், நல்ல மனுஷர், வாடகை வண்டிக்காரர். சுற்றிச் சுற்றிப் பார்த்து, நாலும் புது டயரா என்று ஆசையாகத் தட்டிப் பார்த்து, விலையும் பேசி முடித்தார். விற்பனைப் பத்திரத்தை அந்த வண்டியிலேயே உட்கார்ந்து நானே டைப் அடிக்க வேண்டிய கொடுமை எனக்கு. பாதியில் பெட்டி கத்த ஆரம்பித்தது. அப்பா அசையவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குக் கண்தானே கோளாறு, காதுக்கு என்ன வந்தது என்று எஞ்சினைப் போடச் சொல்ல வாயெடுத்தவள் நானும் சுவரைப் பார்த்தேன், அதில் வட்டமாக இரண்டு வெளிச்சம். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்! நான் வாயை மூடிக்கொண்டேன். அதோடு விட்டேனா, வேண்டுமென்றே மெதுவாக அடித்தேன், மூன்று தரம் பிழை விட்டுத் திருத்தினேன். கடைசியில் விற்பவர் பெயரோடு காகிதம் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது, பெட்டியும் அணைந்தது. பச்சைச் சட்டைக்காரர் சாவியைத் திருகினால் டிக் என்கிறதே தவிர வேறு சத்தமில்லை. பேட்டரி போச்சு, பரவால்ல, நாளைக்குப் புதுசு கொண்டாந்து மாட்டி ஓட்டிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் சும்மா விடவில்லை, வந்தவரை ஏமாற்றுவது என்ன பழக்கம், மகள் அங்கே பயந்துகொண்டிருப்பது தெரியாதா என்று கத்தினேன், அவரோடு சேர்ந்து நானும்தான் ஏமாற்றினேன் என்பதை அப்போது சொல்லவில்லை. அந்த சீட்டை விட்டா நான் எங்க போய் உக்கார்றது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன், சாவி உங்கள் கையிலேயே இருக்கிறதே, ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால்? வந்துச்சு என்றார். போன வாரம் நான் கடைக்குப் போனபோது ரிவர்ஸ் போட்டுத் தெரு விளிம்பு வரைக்கும் எடுத்தாராம், பக்கத்தில் ஒரு ஆள் சைக்கிளில் போனானாம், டேய் என்று அவன் கத்தியபிறகுதான் இவருக்குத் தெரிந்ததாம். நீ பயந்தது அத்தனையும் நியாயம், தாயே. அதற்குமேல் விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் டங் டங் என்று சத்தம் கேட்டு எழுந்து போனேன். அப்பா ஜாக்கி போட்டு, சிமெண்ட் கல்லை அடுக்கி வண்டியை அதன்மேல் உட்கார வைத்து, நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். உடம்பெல்லாம் கிரீஸ். பச்சைச் சட்டைக்காரர் புது பேட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாயைப் பிளந்து நின்றார். நேத்து லைட்டைப் போட்டு பேட்டரியைக் கொன்னது நான்தாங்க, மன்னிச்சுக்கங்க, வண்டி இனிமே ஓடாது, சக்கரம் வேணும்னா எடுத்துக்கங்க என்றார் அப்பா. அந்த மனுஷர் மிச்சமிருந்த ஒரு கல்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரிடம் இதே மாதிரி வண்டி ஒன்று தேய்ந்த டயரோடு நிற்கிறதாம், பேட்டரியை இங்கே கொடுத்துவிட்டு நாலு சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா பேட்டரியை மாட்டி, சீட்டில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: இனிமே என்னால வண்டியைத் தெருவுக்கு எடுக்க முடியாதுன்னு அவளுக்கு எழுதிடு, நிம்மதியா தூங்கச் சொல்லு.

எழுதிவிட்டேன். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், பேத்திக்குப் பல் முளைக்கும்வரை பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடு. இன்னொன்றை மறக்காதே, வண்டி வாங்க இனி யாரையும் அனுப்பாதே, அப்பாவுக்கென்று தனியாக நாலு வரி எழுது, அறிவுரை எதுவும் வேண்டாம்.

பின்சீட்டிலிருந்து
உன் அம்மா