முக்கால் கிலோ ஸ்லீப்பிங் பேக்

என் பொன்னுத் தம்பி வின்சென்டுக்கு,

உன் மகள் ஜினி அடுத்த மாதம் கல்லூரிக் கூட்டத்தோடு இமயமலைக்குப் போகிறாள். நீ போய்ப் பெட்டியில் திரும்பி வந்த அதே மலை. உன் பெண்டாட்டிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மதினி, நீங்கள் சொன்னால் கேட்பாள், தடுங்கள் என்று என் காலைப் பிடிக்காத குறை. ஜினியிடம் சொல்லிப் பார்த்தேன். உன் பிடிவாதம் ஒரு பொட்டுக் குறையாமல் அவளிடம் இருக்கிறது.

உனக்கு வேண்டிய நேரத்தில் அந்தப் பிடிவாதம் எங்கே போயிற்று? ஆபீஸ் நண்பர்களோடு திருவனந்தபுரம் கடைக்குப் போனாயே, அங்கே நீ முதலில் எடுத்தது, குளிருக்கு உள்ளே புகுந்து உறங்குகிற கனமான ஸ்லீப்பிங் பேக்தானாம். கட்டிலையா சுமந்துகொண்டு வரப்போகிறாய் என்று அவர்கள் சிரித்தார்களாம். அவர்களே என்னிடம் சொன்னார்கள். உடனே அதை வைத்துவிட்டு, முக்கால் கிலோகூட வராத ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

வந்து என்ன செய்தாய்? நம் காரோடு ஊர்ப் பங்குனி வெயிலில், முற்றத்தில் அதை விரித்து உள்ளே புகுந்து பார்த்தாய். வியர்த்து வழிய வெளியே வந்து, "அக்கா, இதுக்குள்ள அடுப்பு எரியுதாக்கும். இது போதும்" என்றாய். கடற்கரையில் பிறந்தவனுக்கு மலைக்குளிரைப் பற்றி என்ன தெரியும்?

ஜினி கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பைகளின் லேபிளில் இரண்டு குளிர் எழுதியிருக்கிறதாம். ஒன்று, நிம்மதியாக உறங்கக்கூடிய குளிர். மற்றது, சாகாமல் விடியும்வரை தாக்குப்பிடிக்கிற குளிர். உன் நண்பர்கள் அன்றைக்குக் கடையில் உனக்குப் படித்துக் காட்டியது இரண்டாவதை மட்டும்தானாம். அவள் இரட்டிப்புக் கனமுள்ளதை எடுத்தாள், நான் சுமப்பேன் மாமி என்றாள்.

பிறகு, நான் தினமும் மீனுக்கு ஐஸ் எடுக்கிற கம்பெனிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஐஸ்கட்டி அடுக்கும் அறையில் அந்தப் பையை விரித்துப் படுத்தாள். நான் கதவுக்கு வெளியே பதறிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துச் சாவகாசமாக எழுந்து வந்தாள். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அந்த அறை இருக்கிறது, வின்சென்டே. அன்றைக்கு ஏன் நமக்குத் தோன்றவில்லை?

அதோடு விட்டாளா? உன் உடலோடு திரும்பி வந்த பழைய பையையும் கொண்டுவந்திருந்தாள். அதற்குள்ளும் படுத்தாள். உன் நண்பர்கள் ஒவ்வொரு வருஷமும் உன் ஆண்டுப் பூசைக்கு வந்து, அவன் உறக்கத்திலேயே போய்விட்டான் அக்கா, கஷ்டமே படவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் நடமாடினேன். ஜினி அந்தப் பழைய பையிலிருந்து சீக்கிரமே எழுந்து வந்துவிட்டாள். தாடை அடித்துக்கொண்டது.

"இதுக்குள்ள ஒருத்தருக்கும் உறங்க முடியாது மாமி. முழிச்சுக் கிடந்தாக்கும் அப்பா போனது."

பக்கத்துக் கூடாரத்தில்தானே அவர்கள் படுத்திருந்தார்கள்? நீ ஒரு சத்தம் கொடுத்தாயா? இல்லை, மறுபடி சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தாயா? இந்த வருஷம் அவர்கள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

ஜினியை இனித் தடுக்க மாட்டேன். அவள் போய், உயிரோடு திரும்பி என் முன்னால் வந்து நிற்கட்டும். அன்றைக்கு உன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறேன். இது சத்தியம். அதுவரை அந்தப் பக்கம் வரமாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் குளிர்ந்து கிட.

உன் கூடப்பிறந்த அக்கா,
ரோஸ்லி