பொருள்: ரேவதி – தொடர்பாக

பிப்ரவரி 3, 2025

எங்கள் வலிப்பு நோயாளிகள் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் லாட்ஜ் புரோக்கர் ஒருவர் பல மாதமாக இருந்திருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் வருபவர்களுக்கு அறை காலி என்று போடுவார். பாவம், நோயோடு பிழைப்பையும் பார்க்கிறாரே என்று செயலாளராகிய நானே அவரை மருத்துவ முகாமுக்கு அழைத்தேன். இன்றுதான் தெரிந்தது, அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. யாருடைய போன் நம்பருக்கோ பதிலாக இவர் நம்பரைக் குழுவில் சேர்த்தது யார்? நான்தான். யாருக்கு எப்போது வலிப்பு வந்தது, யாருக்கு என்ன மாத்திரை, எல்லாம் இப்போது அவர் போனில்.

பிப்ரவரி 9

உறுப்பினர் ரேவதி வந்தாள். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். இனி எல்லாம் பூட்டிய மின்னஞ்சலில்தான் என்றாள். ஆளுக்கொரு பூட்டு, ஒரு சாவி. பூட்டை ஊருக்கே கொடுக்கலாம். சாவி நம்மிடம் மட்டும் இருக்க வேண்டுமாம்.

"எனக்கு வரன் பாக்கறாங்க சார். இது வெளிய போச்சுன்னா அவ்ளோதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிப்ரவரி 16

"உறுப்பினர் அனைவருக்கும் சாவி வழங்கப்படும்" என்று நான் அறிவித்தது தவறு. மகனுக்காகக் கூட்டத்துக்கு வரும் வெள்ளையம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். "வலிப்பு வந்தா கையில சாவி குடுக்காதீங்கன்னு மைக் வெச்சு கத்தினவரு நீங்கதானே? இப்ப நீங்களே ஆளுக்கு ஒண்ணு குடுக்கறீங்களா?" இது கம்ப்யூட்டர் சாவி என்று பொறுமையாக விளக்கினேன். அதுக்கும் வலிப்பு வருமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 23

எல்லோரும் கடவுச்சொல் வைத்தாயிற்று. பாதிப் பேர் எங்கள் ஊர் மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவர்களே சொன்னார்கள்.

மார்ச் 9

ரேவதி என் கடிதங்களில் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். உள்ளே எழுதுவது மட்டும்தான் பூட்டப்படுமாம். மேலே 'பொருள்' என்று போடுகிறோமே, அந்த வரி திறந்தே போகுமாம். "அங்க வெறும் வணக்கம்னு போடுங்க சார், போதும்."

தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் சொல்கிற பேச்சா இது? கடிதத்தைப் பிரிக்காமலே விஷயம் விளங்க வேண்டும், அதற்குத்தான் பொருள். வணக்கம் ஒரு பொருளா? சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரேவதியைப் பெண் பார்க்க இன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறார்கள் என்று என் மனைவி வேதா சொன்னாள். நல்லது நடக்கட்டும். ரேவதிக்கு மாத்திரையைக் கூட்டி முகாமில் டாக்டர் எழுதிய குறிப்பு என்னிடமே இருந்தது. அதையும் கையோடு அனுப்பிவிட்டேன். பூட்டித்தான். நன்றாகச் சரிபார்த்த பிறகுதான்.

ஏப்ரல் 7

மாப்பிள்ளையின் அம்மா ரேவதியின் போனை வாங்கிப் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த நேரம் பார்த்து என் கடிதம் திரையில் வந்திருக்கிறது. பூட்டு பத்திரமாக இருந்தது. பொருள் மட்டும் தெரிந்தது:

"வலிப்பு நோய் – செல்வி வெ. ரேவதி – மாத்திரை அளவு கூட்டியது – மருத்துவர் குறிப்பு அனுப்புதல் – தொடர்பாக."

சத்தம் போட்டே படித்தாராம்.

இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கேன் – அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லிச்சே – கேட்டேனா?

வேதா திட்டவில்லை. "எழுத்துப் பிழை ஏதாச்சும் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை.

ஏப்ரல் 9

ரேவதி போனை எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்?

ஏப்ரல் 20

மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் வெளியே மூச்சு விடக் கூடாது. அந்த வீட்டு மூத்த மருமகளுக்குக்கூடத் தெரியக் கூடாது. சங்கத்தில் இருக்கக் கூடாது. அந்த ஊர் மெடிக்கலில் மாத்திரை வாங்கக் கூடாது.

ரேவதி நேராக வீட்டுக்கே வந்து கேட்டாள். "எங்கப்பா சந்தோஷத்துல அழுவறாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. நீங்க இன்னா சார் சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்றால் அது என்னால் நின்ற கல்யாணம். நடந்துவிட்டால் என் தப்பு தப்பே இல்லை என்றாகிவிடும். "நல்ல இடம், ஒத்துக்கம்மா" என்றேன். வேதா சமையலறையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூன் 8

கல்யாணத்துக்குப் போய் வந்தோம். சங்கத்து மின்னஞ்சலைத் தன் போனிலிருந்து அடியோடு அழித்துவிட்டதாக ரேவதி வேதாவின் காதில் சொன்னாளாம். மாத்திரையை நாங்கள் வாங்கி வைக்க வேண்டும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து எடுத்துக்கொள்வாளாம்.

ஜூலை 11

நேற்று கிரிவலம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் மாத்திரையை வாங்கிக்கொண்டு, எங்கள் சாமி மாடத்து விபூதியைப் பூசிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். "எங்க வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு எவ்ளோ பக்தி பாருங்க" என்று மூத்த மருமகள் தெருவெல்லாம் சொல்லிப் பூரிக்கிறாளாம். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, ரகசியம் கெட்டியாக இருக்கிறது. நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அக்டோபர் 7

நேற்று பௌர்ணமி. ரேவதி வரவில்லை.

போன மாதம் கொடுத்த மாத்திரை தீர்ந்திருக்கும். போன் செய்தால் யார் எடுப்பார்களோ. பூட்டி எழுதலாம் என்றால் பிரித்துப் படிக்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. நிறுத்திவிடச் சொன்னார்களா? வலிப்பு வந்து கிடக்கிறாளா? ஒத்துக்கன்னு சொன்னது நான்தானே.

காலையில் வேதா மாத்திரையைப் பூக்கூடைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பிரசாதம் கொண்டுவந்தேன் என்று சொல்வாளாம். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீங்க வேணாங்க" என்றாள். "உங்களுக்கு மறைக்க வராது."

கீழ்பென்னாத்தூர் ஒன்றும் தூரமில்லை. மதியமாகிவிட்டது, இன்னும் போன் வரவில்லை.