மிஞ்சிய வளையம்

தங்கச்சி,

முதலில் குழந்தை கையில் இருக்கும் முயல் பொம்மையைப் பிடுங்கி மேலே வை. அழுதால் அழட்டும். மீதியைப் பிறகு படி.

வைத்துவிட்டாயா? அந்த முயலை உன் வீட்டுக்காரர் கடையில் வாங்கவில்லை. நான் நூலில் பின்னிக் கொடுத்தது. என் கைவேலை என்று தெரிந்தால் நீ தூக்கி எறிவாய் என்றுதான் மனிதர் பொய் சொன்னார். அவரைத் திட்டாதே. இன்று அவரும் போனை எடுக்கவில்லை.

பொம்மையின் கண், உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் பூட்டி நிற்கும். பஞ்சு அடைப்பதற்கு முன்பே அந்த வளையத்தை அழுத்திவிட வேண்டும். காலையில் நூல் கூடையைக் கொட்டினேன், ஒரு வளையம் உருண்டு வந்தது. அந்த முயலுக்கென்று ஒரே ஒரு ஜோடி கண்ணும் அதற்கான இரண்டு வளையமும்தான் வாங்கியிருந்தேன். அப்படியென்றால் ஒரு கண்ணைப் பூட்டாமலே தைத்துவிட்டேன்.

பல் முளைக்கிற பிள்ளை. எதையும் வாயில் வைத்துக் கடிக்கும்.

“நீ எந்த வேலையத்தான்க்கா முழுசா முடிச்சிருக்க?” என்று ஆறு மாதத்துக்கு முன் கேட்டாய். உன் வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தேன். இப்போது அதே படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஏழு முறை மணி அடித்தேன். கதவைத் தட்டிக் கத்தினேன். நீ டிவி சத்தத்தைக் கூட்டினாய். வீம்பில் நீ எனக்குத் தங்கைதான்.

முயலின் கண்களை எண்ணிப் பார். இரண்டும் இருந்தால் பிய்த்து, இந்தக் கடிதம் வந்த வழியே கதவுக்கு அடியில் தள்ளிவிடு. பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறேன், நீ திறக்கவே வேண்டாம்.

ஒன்றுதான் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வா. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

நீ அன்று கேட்டது சரிதான் என்று ஒத்துக்கொள்ளும்,
உன் அக்கா