கறுப்பு வளையம் உங்கள் வீட்டுடையது அல்ல

காஞ்சிபுரம்,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள கலையரசி அக்காவுக்கு,

பேனா கடைகிற வசீமின் மனைவி ஃபரீதா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். தஞ்சாவூரில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாம் இதுவரை பேசியதில்லை. ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டி வந்த நாளிலிருந்து இங்கே உங்கள் வீட்டுக்காரர் பேச்சுதான். காலமான மனிதரைப் பற்றி இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். அவருடைய சாய்வு நாற்காலியின் கை, குடைப் பிடி, கேரம் போர்டின் சட்டம், அகப்பைக் காம்பு எல்லாவற்றையும் சின்னச் சின்ன வளையமாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, லேத்தில் கடைந்து ஒரே பேனாவாக்கித் தரச் சொன்னீர்கள். முன்பு கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவருக்கு இது பெரிய கௌரவம். அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் அந்த டெலிபோன் பேச்சால்தான். ஒவ்வொரு துண்டுக்கும் உங்களைக் கூப்பிட்டுக் கதை கேட்கிறார். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார், அக்கா. நான் பேசினால் லேத் நிற்காது. சாப்பிட உட்கார்ந்தாலும், “அந்த அண்ணன் நாற்காலி கைல தாளம் போட்டுக்கினே பேப்பர் படிப்பாராம். அந்த எடம் மட்டும் எப்டி தேஞ்சிருக்குது பாரு” என்று எடுத்துவந்து காட்டுகிறார். அவருக்குச் சோறு போடுகிற கையும் தேய்ந்துதான் இருக்கிறது.

எனக்குப் பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது? கணவரை இழந்த ஒருத்தரைப் பார்த்து வயிறெரிகிறேன்.

போன வாரம் குடைப் பிடியை அறுத்தபோது உள்ளே பூச்சி அரித்திருந்தது. தூளாகக் கொட்டிவிட்டது. ஒரு வளையத்துக்கு மரம் இல்லை. சொன்னால் உங்கள் மனசு கஷ்டப்படும் என்று உங்களிடம் அவர் சொல்லவில்லை. மறுநாள் நான் சப்பாத்தி தேய்க்கும்போது கட்டை ஒரு பக்கம் நொண்டியது. பார்த்தால் கைப்பிடி ஒன்றைக் காணோம். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த கருங்காலிக் கட்டை அது. கேட்டதற்கு, “நம்ம வூட்டுக் கட்டதானே ஃபரீதா, உன்ன இன்னாத்துக்குக் கேக்கணும்?” என்றார்.

சண்டை போட்டேன். பக்கத்து வீட்டில் தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிற அளவுக்குப் போட்டேன். ஆனால் அதற்குள் ஒட்டி, கடைந்து, பளபளப்பும் ஏற்றிவிட்டார். பேனா அழகாக வந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பார்சல் கட்டுவது என் வேலை என்பதால் இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்கிறேன். மூடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு வளையம் உங்கள் வீட்டுக்காரருடையது அல்ல. அதைத் தடவி அவரை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு உதவி செய்யுங்கள். பேனா வந்து சேர்ந்ததும் இவரைக் கூப்பிட்டு, கறுப்பு வளையம் யாருடையது என்று கேளுங்கள். மரத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். அந்த வளையத்துக்குச் சொந்தக்காரி எப்படிப்பட்டவள், எதற்குச் சிரிப்பாள், வேலை செய்யும்போது என்ன பாட்டை முணுமுணுப்பாள் என்று, உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி இவர் கேட்ட மாதிரியே கேளுங்கள். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் அடுப்படியில் இருப்பேன்.

ஆண்டவன் உங்களுக்கு மன அமைதியைத் தரட்டும். இவர் பதில் சொல்லும்வரை போனை வைத்துவிடாதீர்கள், அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஃபரீதா